எடுக்கிறது பெரிசில்லை, வைக்கிறதுதான்

லயன் காமிக்ஸ் படிச்சு வளர்ந்தவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. பாதிப் பேர் தூக்கியிருப்பீங்கன்னு தெரியும் :-)

டெக்ஸ் வில்லர் இடுப்புல கை வைக்கிறதுக்கும் எதிராளி சரியறதுக்கும் நடுவுல ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். லக்கி லூக் தன் நிழலை விட வேகமா சுடுவார். அதையெல்லாம் படிச்சிட்டு நானும் தம்பியும் மரக்கட்டைத் துப்பாக்கியை டவுசர் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, முதுகைக் காட்டிப் பத்தடி நடந்து, திரும்பி "டிஷ்யூம்" போடுவோம். யார் முதல்ல எடுத்தது என்று சண்டை வரும். அம்மா வந்து ரெண்டு பேர் முதுகிலும் ஆளுக்கொன்று வைப்பார்கள். ஆட்டம் முடிந்தது.

யார் முதல்ல எடுத்தது? அது ஒண்ணுதான் எங்களுக்குக் கேள்வி. எடுத்த துப்பாக்கியை எப்படித் திரும்ப வைக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதை யோசிக்க வைத்தது போன வருஷம் டெக்ஸஸில் பார்த்த ஒரு போட்டி. அதைத் தொட்டுப் போய் கொஞ்சம் சரித்திரம் படித்தேன். படித்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆபீஸில் கூட வேலை பார்க்கிற ஒரு பெரியவர். அறுபதைத் தாண்டியவர், பரம சாது. ஸ்டேப்ளரைக் கூட "ஜாக்கிரதை"ன்னு சொல்லித்தான் நீட்டுவார். அவர் ஒரு வெள்ளிக்கிழமை, "நாளைக்கு நானும் வீட்டம்மாவும் துப்பாக்கி சுடப் போறோம், வர்றியா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனேன்.

ஊருக்கு வெளியே பொட்டல் காடு. அங்கே பலகையால் அடித்த பொய் வீதி. பேங்க், ஜெயில், சலூன் எல்லாம் முகப்பு மட்டும்தான், பின்னால் ஒன்றுமில்லை. (சலூன்னா முடிவெட்டற கடை இல்லீங்க, சாராயக்கடை.) தாத்தாக்களும் பாட்டிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டு உடுப்பில் உலாத்துகிறார்கள். ஆளாளுக்கு ஒரு பட்டப்பெயர். சொந்தப் பெயரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. நம்ம வலைப்பூ உலகத்தில் பாதிப் பேர் புனைபெயரில் திரிகிற மாதிரிதான்.

இதற்குப் பெயர் கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங். 1980களின் தொடக்கத்தில் தெற்கு கலிஃபோர்னியாவில் சில நண்பர்கள் ஆரம்பித்தது. 1987-இல் இதற்கென்றே சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்ற அமைப்பு வந்தது. ஆளுக்கு ரெண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன், எல்லாமே பழைய மாடல். இலக்கு இரும்புத் தகடு. ரிவால்வருக்கான தகடு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும், ஏழிலிருந்து பத்து கஜத்துக்குள். மணி அடித்ததும் சொன்ன வரிசையில் சுட்டு முடிக்க வேண்டும். எத்தனை வினாடி ஆச்சு என்பதுதான் மதிப்பெண். ஒரு தகட்டைத் தவறவிட்டால் 5 வினாடி கூடும், வரிசையில் தப்பு செய்தால் 10 வினாடி.

நம்ம பெரியவர் முறை வந்தது. வலது இடுப்பில் ஒரு ரிவால்வர். இன்னொன்று இடது பக்கம், பிடி முன்னால் பார்த்தபடி. வலது கையை வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய் அதை எடுக்க வேண்டும். குறுக்கு உருவல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மணி அடித்தது. டங் டங் டங் என்று தகடுகள் சத்தம். மனுஷன் பிரமாதமாகச் சுட்டார். ஒன்று கூடத் தவறவில்லை. இரண்டாவது ரிவால்வரை உறையில் போட்டார். அடுத்து ரைஃபிளுக்குக் கை நீட்டுகிறார்.

"நிறுத்து!"

கத்தியது கையில் டைமர் வைத்திருந்த பெண்மணி. அவருடைய மனைவி.

எனக்கு ஒண்ணும் புரியவில்லை. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு விநாடி அப்படியே நின்றார். தலையை ஆட்டினார். துப்பாக்கிகள் காலிதானா என்று காட்டுகிற மேஜைக்கு நடந்து போய்விட்டார். அந்தக் கட்டம் முழுக்க அவருக்குப் போச்சு. வாக்குவாதம் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. நம்ம தெரு கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ கொடுத்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அப்படி என்ன தப்பு செய்தார்? உறையில் போடும்போது உடம்பைத் திருப்பவில்லை. அவ்ளோதான்.

அதற்கு ஒரு விதி. 170 டிகிரி விதி என்பார்கள். குழாயின் வாய் எப்போதும் இலக்குகள் இருக்கும் திசையைத்தான் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் சாயலாம், ஆனால் முழு அரைவட்டம் கூடக் கிடையாது, அதிலும் பத்து டிகிரி பிடித்துக்கொண்டார்கள். இடுப்பின் குறுக்கே இருக்கும் உறையில் துப்பாக்கியைச் செருகும்போது குழாய் தானாகவே இடது பக்கம் திரும்பும். அங்கே ஆட்கள் நிற்பார்கள். அதனால் வலது காலைப் பின்னால் வைத்து, இடது இடுப்பு இலக்கைப் பார்க்கிற மாதிரி உடம்பையே திருப்பிக்கொண்டு பிறகுதான் எடுக்க வேண்டும். வைக்கும்போதும் அதே திருப்பம். கிட்டத்தட்ட ஒரு நடன அடவு. பெரியவர் எடுக்கும்போது அடவு போட்டார். வைக்கும்போது, அவசரத்தில், மறந்துவிட்டார்.

"காலித் துப்பாக்கிதானே? அஞ்சையும் சுட்டாச்சே?" என்று மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காலின்னு நினைச்ச துப்பாக்கியாலதான் நிறைய பேர் செத்திருக்காங்க தம்பி" என்றார். இங்கிலீஷில்தான் சொன்னார். என் காதில் தமிழிலேயே விழுந்தது.

* * *

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டு ஹாலில் எனக்கு ஒரு பாடம் நடந்தது. பெரியவர் ஒரு ரிவால்வரின் ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டினார். எல்லாம் காலி. என்னையும் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பெல்ட்டைக் கட்டிவிட்டு, "எடு" என்றார்.

இருபத்தைந்து வருஷக் கனவு மக்களே! சர்ரென்று உருவினேன். உருவும்போதே கட்டை விரலால் ஹேமரைப் பின்னால் இழுத்தேன். (பழைய ஆட்கள் துப்பாக்கிக் குதிரை என்பார்களே, அதேதான்.) பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே நிறுத்தினார். "இப்ப குழாய் எங்கே பார்க்குதுன்னு பாரு."

என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போட்டி விதிப்படி, குழாய் இலக்கை நோக்கிக் குறைந்தது 45 டிகிரி உயர்ந்த பிறகுதான் ஹேமரை இழுக்கலாம். திரும்ப வைக்கும்போது ஹேமர் முழுசாக இறங்கியிருக்க வேண்டும். சுட்ட தோட்டாக் கூட்டின் மேலோ காலி அறையின் மேலோதான் அது உட்கார வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டத்திலிருந்து நீக்கம். காலித் துப்பாக்கியைக் கீழே போட்டாலும் அதே தண்டனை. குண்டு உள்ள துப்பாக்கியைப் போட்டால் மொத்தப் போட்டியிலிருந்தே வெளியே. உறைக்கும் கணக்கு உண்டு, செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது.

இத்தனை விதிகளும் ஆகாசத்திலிருந்து விழவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. படிக்கப் படிக்க ஆச்சரியம்.

* * *

முதல் கதை. 1876 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கன்சாஸ் மாநிலம், விச்சிட்டா ஊர். கஸ்டம் ஹவுஸ் என்ற சலூனின் பின்னறையில் ஒரு போலீஸ்காரர் ரெண்டு மூணு பேரோடு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ரிவால்வர் உறையிலிருந்து நழுவுகிறது. விழும்போது ஹேமர் நாற்காலியில் இடிக்கிறது. டுமீல்! குண்டு அவர் கோட்டைத் துளைத்து, சுவரில் பட்டுத் தெறித்து, கூரை வழியாக வெளியே போனது. அறையில் இருந்தவர்கள் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினார்கள். அந்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகை இதைச் செய்தியாகவே போட்டது. போலீஸ்காரர் பெயரைக்கூடத் தப்பாக அச்சடித்திருந்தார்கள்.

அந்தப் போலீஸ்காரர் வயாட் ஏர்ப். ஆமாம், ஹாலிவுட் மாய்ந்து மாய்ந்து படமெடுத்த அதே துப்பாக்கி வீரர்.

அந்தக் காலத்து ரிவால்வர்களின் கோளாறு அது. 1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியையே எடுத்துக்கொள்வோம். ஹேமர் முனையிலேயே ஊசி இருக்கும். ஹேமர் இறங்கியிருந்தால் ஊசி நேராகத் தோட்டாவின் பிட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு அடி விழுந்தால் போதும், வெடிக்கும். ஹேமரைப் பாதியில் நிறுத்திவைக்க ஒரு சின்ன வெட்டு உண்டு. துப்பாக்கி ஓங்கி விழுந்தால் அது உடைந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறைத் துப்பாக்கியில் அஞ்சுதான் போட்டார்கள். அதற்கு ஒரு வாய்ப்பாடே இருக்கிறது. ஒண்ணு போடு, ஒண்ணு விடு, நாலு போடு. பிறகு ஹேமரை முழுக்க இழுத்து மெதுவாக இறக்கினால் அது சரியாகக் காலி அறையின் மேல் உட்காரும். பெரியவர் உதடு அசைய இதை முணுமுணுத்தபடிதான் தோட்டா போட்டார். சந்தியாவந்தனம் மாதிரி இருந்தது.

1931-இல் ஸ்டூவர்ட் லேக் எழுதிய ஏர்ப்பின் வாழ்க்கைக் கதையில் இந்த அஞ்சு தோட்டா உபதேசத்தை ஏர்ப்பே செய்கிறார். விச்சிட்டா நாற்காலி சொல்லிக்கொடுத்த பாடமோ என்னவோ. (லேக் நிறையச் சரக்கைத் தானே சேர்த்தவர், அதனால் உப்பு போட்டுத்தான் சாப்பிடணும்.)

1973-இல் ரூகர் கம்பெனி கீழே விழுந்தாலும் வெடிக்காத அமைப்பைத் தன் ரிவால்வர்களில் கொண்டுவந்தது. அதில் ஆறும் போடலாம். ஆனாலும் போட்டியில் எல்லோருக்கும் அஞ்சுதான்.

* * *

சரி, அப்படியானால் நாம் பார்த்த அந்த 'யார் முதல்ல' சமாச்சாரம்? நட்ட நடு வீதி, உச்சி வெயில், எதிரெதிரே ரெண்டு பேர்?

அப்படி ஒன்று நிஜமாகவே நடந்தது. 1865 ஜூலை 21, மிசௌரி மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்ட். சூதாட்டக் கடன், அடகாக எடுத்துக்கொண்ட ஒரு பாக்கெட் கடிகாரம், அதனால் வந்த மானப் பிரச்சினை. வைல்ட் பில் ஹிக்காக்கும் டேவிஸ் டட் என்பவரும் சதுக்கத்தில் எதிரெதிரே நின்றார்கள். இடையில் சுமார் 75 கஜம். இருவரும் சுட்டார்கள். டட் செத்தார். அந்தத் தூரத்தில் வேகத்தை விட நிதானம்தான் காப்பாற்றியிருக்கும். இந்த மாதிரி நேருக்கு நேர் மோதல்கள் மிக அபூர்வம். இந்த ஒன்றிலிருந்துதான் ஆயிரம் சினிமா பிறந்தது.

அதே ஹிக்காக்கின் இன்னொரு கதையை சினிமாக்காரர்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை. 1871 அக்டோபர் 5, கன்சாஸில் அபிலீன் ஊர். ஹிக்காக் அங்கே மார்ஷல். ஃபில் கோ என்ற சூதாடியோடு வீதியில் மோதல். கோவைச் சுட்டார். அதே கணம் பக்கவாட்டில் இன்னொருவன் ஓடிவருவது தெரிந்தது. யோசிக்காமல் திரும்பிச் சுட்டார். விழுந்தது மைக் வில்லியம்ஸ். ஹிக்காக்குக்கு உதவி செய்ய ஓடிவந்த அவருடைய சொந்த உதவியாளர். அந்த வருஷ முடிவுக்குள் ஹிக்காக்கின் வேலை போனது. வேகமான கைக்குக் கிடைத்த கூலி அது.

1881 அக்டோபர் 26, டூம்ஸ்டோன். ஓ.கே. கொரால் சண்டை. சுமார் 30 வினாடியில் ஏறக்குறைய 30 குண்டு. நம்ம வயாட் ஏர்ப் அன்றைக்குத் துப்பாக்கியை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? ஓவர்கோட் பாக்கெட்டில்! நீதிமன்ற விசாரணையில் அவரே சொன்னது. அமெரிக்காவின் மிகப் பிரபலமான துப்பாக்கிச் சண்டையில் மிகப் பிரபலமான ஆசாமி, நானும் தம்பியும் டவுசர் பாக்கெட்டில் வைத்த மாதிரி வைத்திருக்கிறார். இன்னொரு வேடிக்கை. அந்தச் சண்டைக்கு ஒரு காரணமே ஊருக்குள் ஆயுதம் எடுத்து நடக்கக் கூடாது என்ற நகராட்சிச் சட்டம்தான். டாட்ஜ் சிட்டியிலும் துப்பாக்கி எடுத்து வரக் கூடாது என்று வீதியிலேயே பலகை வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்து உறைகளைப் பார்த்தாலே விஷயம் புரியும். ராணுவ உறைக்கு மேலே மூடி இருக்கும். மாடு மேய்க்கிறவர்களின் உறை ஆழமாக, விசைப் பகுதியையே விழுங்கிக்கொண்டிருக்கும். குதிரை குலுக்கினாலும் துப்பாக்கி கீழே விழக் கூடாது. அதுதான் அவர்கள் கவலை. சட்டென்று எடுக்கிறது ரெண்டாம்பட்சம்.

* * *

அப்புறம் அந்தத் தாழ்ந்து தொங்கும் உறை, தொடையில் கயிறு கட்டி, பிடி வெளியே நீட்டிக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது? ஹாலிவுட்டிலிருந்து.

1950களில் அமெரிக்க டிவி முழுக்க கௌபாய் மயம். 1959-இல் மட்டும் மாலை நேரத்தில் 25-க்கும் மேற்பட்ட கௌபாய் தொடர்கள் ஓடின. ஆர்வோ ஒஜாலா என்பவர் நடிகர்களுக்குத் துப்பாக்கி உருவக் கற்றுக்கொடுத்தவர். உறையின் தோலுக்கு நடுவே உலோகத் தகடு வைத்துத் தைத்தார். தகடு தோலை விரித்துப் பிடிக்கும், உள்ளே சிலிண்டர் தடையில்லாமல் சுழலும். அதாவது துப்பாக்கி உறையில் இருக்கும்போதே ஹேமரை இழுத்துவிடலாம். காமிராவுக்கு மின்னல் வேகம் கிடைத்தது. 1955-இல் ஆரம்பித்த கன்ஸ்மோக் தொடரின் தொடக்கக் காட்சியில் மார்ஷலிடம் தோற்றுச் சாகிறவர் சாட்சாத் இந்த ஒஜாலாதான். ஊருக்கே வேகம் சொல்லிக்கொடுத்தவர் வாரா வாரம் செத்துக்கொண்டிருந்தார்!

கலிஃபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் டீ வூலம் என்பவருக்கு ரயில் கொள்ளைக்காரன் வேஷம். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் வேலை இல்லை. துப்பாக்கியை உருவி உருவிப் பழகினார். வினாடியைப் பின்னமாக அளக்கக் கடிகாரம் செய்தார். 1954-இல் போட்டியே வைத்தார். 'ஃபாஸ்ட் ட்ரா' ஒரு விளையாட்டாகப் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய ரிவால்வரைத் தயாரிப்பதை நிறுத்தியிருந்த கோல்ட் கம்பெனி, 1956-இல் மறுபடி செய்ய ஆரம்பித்தது. டிவி பார்த்தவர்கள் அவ்வளவு பேர் கேட்டார்கள்.

கேட்டு வாங்கியவர்கள் வீட்டுக் கொல்லையில் நிஜத் தோட்டாவோடு டிவி மாதிரியே உருவிப் பார்த்தார்கள். உறைக்குள்ளேயே ஹேமரை இழுத்தார்கள். விரல் ஒரு இம்மி முந்தினால் குண்டு எங்கே போகும்? என் முழங்கால் ஞாபகம் வருகிறதா? அங்கேதான் போனது. தொடையிலும் காலிலும் தங்களையே சுட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நடிகர்களின் துப்பாக்கியில் வெறும் மருந்துதான், குண்டு கிடையாது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. ஃபாஸ்ட் ட்ரா போட்டிகள் மெழுகுக் குண்டுக்கும் வெற்று மருந்துக்கும் மாறியது அதனால்தான். இன்றும் அப்படித்தான் நடக்கிறது.

கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்கில் நிஜத் தோட்டா உண்டு. அதனால் அதை வடிவமைத்தவர்கள் உருவும் வேகத்துக்குத் தனி மதிப்பெண்ணே வைக்கவில்லை. ஒரு கட்டத்தின் மொத்த நேரத்தில் அது ஒரு துளி. இன்னொன்றும் செய்தார்கள். எடுப்பதற்குப் போட்ட விதிகளை வைப்பதற்கும் போட்டார்கள். எடுக்கும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். கவனம் நழுவுவது 'முடிஞ்சுது'ன்னு மனசு சொல்கிற அந்த அரை வினாடியில். பெரியவருக்கு நழுவியதும் அங்கேதான்.

* * *

இதையெல்லாம் ரொம்பக் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தேதி. 2021 அக்டோபர் 21. நியூ மெக்ஸிகோவில் 'ரஸ்ட்' என்ற கௌபாய் படத்தின் படப்பிடிப்பு. சர்ச் செட்டுக்குள் ஒத்திகை. நடிகர் ஒத்திகை பார்த்தது இதே குறுக்கு உருவல். கையில் பழைய கோல்ட் மாதிரி இத்தாலியில் செய்த ரிவால்வர். உள்ளே நிஜத் தோட்டா கிடையாது என்று எல்லோரும் நம்பினார்கள். இருந்தது. குழாய்க்கு எதிரே காமிராப் பக்கம் ஆட்கள் நின்றார்கள். ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார், இயக்குநர் ஜோயல் சூசா காயமடைந்தார். ஹட்சின்ஸுக்கு வயது 42.

இந்தச் செய்தியைப் பெரியவரிடம் சொன்னபோது, அந்த அம்மா ஹாலைத் தாண்டி உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டேன். "காலையில அவங்க கண்டுக்காம விட்டிருக்கலாமே? வேற யாரும் கவனிக்கலை. உங்க வீட்டம்மாதானே?"

பெரியவர் பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "நான் உறையில வைக்கும்போது இடது பக்கம் நின்னது அவதான்."

அன்றைக்குப் போட்டியில் மீதி இருந்த கட்டங்கள் எல்லாவற்றிலும் நான் அவர் சுடுவதைப் பார்க்கவில்லை. அவருடைய வலது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அது பின்னால் போனது. எடுக்கும்போது ஒரு தடவை, வைக்கும்போது ஒரு தடவை. அவர் வந்த இடம் எங்கேயோ கடைசியில். அதைப் பற்றி ரெண்டு பேரும் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

பதிவு நீண்டுவிட்டது, மன்னிக்கணும். ஊருக்கு போன் போட்டபோது தம்பியிடம் இதைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், அன்னிக்கு நான்தானே முதல்ல எடுத்தேன்?" என்கிறான்.

டிஸ்கி: நான் துப்பாக்கி நிபுணன் இல்லை. என் வாழ்நாளில் உருவியது அந்த ஒரு காலி ரிவால்வர்தான். அதிலும் என் முழங்காலைத்தான் குறி வைத்தேன். எனவே டெக்ஸ் வில்லர் ரசிகர்கள் பின்னூட்டத்தில் கொஞ்சம் மெதுவாகவே சுடவும் :-)